18 ஊசிகளை எண்ணினேன், மாத்திரைகளை எண்ணவில்லை

பிறருடைய கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். வரவும் செலவும் ஒத்துப்போகாத இடத்தில் விரலை வைத்துக் காட்டுவதற்காகவே முப்பது ஆண்டுகள் சம்பளம் வாங்கியவள் நான். அப்படியிருந்தும், என் மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சையில் ஒரு பக்கத்தை மட்டும் வரி விடாமல் சரிபார்த்துவிட்டு, மறுபக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் நான்கு ஆண்டுகளைக் கழித்திருக்கிறேன். 2021-இல் நோய் முதுகெலும்பில் மீண்டும் தலைகாட்டிய பிறகுதான் அந்த மறுபக்கத்தை உட்கார்ந்து படித்தேன்.

2016-இல் எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இடது மார்பில் இரண்டரை சென்டிமீட்டர் கட்டி, அக்குளில் இரண்டு நெறிகட்டிகளில் நோய். பயாப்ஸி அறிக்கையில் அடுத்தடுத்து இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று, ஹெர்-2 என்னும் புரதம் 3+ அளவில், அதாவது அந்த அளவுகோலின் உச்சத்தில், இருக்கிறது என்றது. மற்றது, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு வளர உதவும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் இருக்கிறது என்றது. முதல் வரியை மருத்துவர் எனக்குப் படம் போட்டு விளக்கினார். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை இந்த வகை என்றும், செல்லின் மேற்பரப்பில் அளவுக்கு மீறி முளைத்து நிற்கும் இந்தப் புரதம் ‘வளர், பெருகு’ என்ற கட்டளையை ஓயாமல் உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கும் என்றும், டிராஸ்டுசுமாப் என்ற மருந்து அந்தப் புரதத்தின் வெளிப்பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு கட்டளையை அடக்கும் என்றும் சொன்னார். 1998-இல் முற்றிய நோய்க்காக அனுமதிக்கப்பட்ட அந்த மருந்தைத் தொடக்க நிலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளின் முதல் முடிவுகள் 2005-இல் வெளியானபோது, நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்ததாம். இரண்டாவது வரிக்கு அவர் சொன்னது ஒரே வாக்கியம்: “அதற்குப் பிறகு மாத்திரை கொடுப்போம்.” என் மனத்தில் அது அடிக்குறிப்பாகவே தங்கிவிட்டது.

அறுவை சிகிச்சை முதலில் முடிந்தது. பிறகு கீமோ, கதிர்வீச்சு, மூன்று வாரத்துக்கு ஒரு முறை டிராஸ்டுசுமாப் ஊசி. ஓர் ஆண்டில் மொத்தம் 18 ஊசிகள். ஒவ்வொன்றையும் தேதி, இரத்த அழுத்தம், எடை ஆகியவற்றுடன் குறித்து வைத்தேன். இந்த மருந்து சிலருக்கு இதயத்தின் பம்ப் செய்யும் வலிமையைக் குறைக்கக்கூடும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்த எக்கோ அறிக்கைகளையும் வரிசையாகக் கோத்து வைத்தேன். பதினெட்டாவது ஊசி முடிந்த அன்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டேன். கணக்கை முடித்தவர்கள் போடும் கோடு அது. தவறு அந்தக் கோட்டில்தான் தொடங்கியது.

கீமோ முடிந்த சில வாரங்களில், அந்த இரண்டாவது வரிக்கான, உடலில் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை தொடங்கியிருந்தது. தினம் ஒன்று, குறைந்தது ஐந்து ஆண்டுகள். ஊசிக்குப் போய்க்கொண்டிருந்த காலம் வரை அதை ஒழுங்காகவே சாப்பிட்டேன், ஏனெனில் ஊசி போடும் செவிலியர் ஒவ்வொரு முறையும் “மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அம்மா?” என்று கேட்பார். ஊசிகள் நின்றதும் அந்தக் கேள்வியும் நின்றது. மருத்துவரைப் பார்ப்பது ஆறு மாதத்துக்கு ஒரு முறையாகியது. அதற்குள் கைவிரல்கள் காலையில் மடங்க மறுத்தன. மாடிப்படி ஏறுவதற்குள் முழங்கால்கள் கெஞ்சின. ஒரு நாள் மாத்திரையை மறந்தேன். இரண்டாவது முறை மறந்ததாக நடித்தேன். ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தபோது விரல்கள் இலேசானது உண்மை. பிறகு வலி வரும் மாதங்களில் நிறுத்துவதும், மருத்துவரைப் பார்க்கப் போகும் மாதத்தில் தொடங்குவதுமாகக் காலம் ஓடியது. அவர் கேட்டபோதெல்லாம் ‘சாப்பிடுகிறேன்’ என்றே சொன்னேன். நோய் திரும்பிய பிறகு மருந்துக் கடை ரசீதுகளை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய இரண்டே கால் ஆண்டுகளுக்கான மாத்திரைகளைத்தான் வாங்கியிருந்தேன்.

2021-இன் தொடக்கத்தில் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் நடுவில் வலி வந்தது. மாத்திரையால் வரும் மூட்டு வலியில் இதுவும் ஒன்று என்று நானே முடிவு கட்டினேன். மேலும் ஒரு தைரியம் இருந்தது: மருத்துவர் கேட்காமலேயே, மன நிம்மதிக்காக, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மார்பகப் புற்றுநோயில் கூடக்கூடிய ஒரு பொருளை அளக்கும் சிஏ 15-3 என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டிருந்தேன்; அது இயல்பான அளவிலேயே இருந்தது. வலி தொடங்கிப் பதினொரு வாரங்கள் கழித்து, இரவில் புரண்டு படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்த பிறகுதான் போனேன். எம்ஆர்ஐயில் முதுகெலும்பின் இரண்டு முள்ளெலும்புகளில் நோய் தெரிந்தது.

அந்த வாரம் மருத்துவர் எடுத்த ஒரு முடிவுக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். பழைய அறிக்கையை நம்பி உடனே மருந்தைத் தொடங்காமல், எலும்பிலிருந்து மீண்டும் பயாப்ஸி எடுக்க வேண்டும் என்றார். எலும்புத் துண்டை மென்மையாக்குவதற்கு ஆய்வகங்கள் பயன்படுத்தும் அமிலம் ஏற்பிச் சோதனையின் முடிவைக் குலைக்கக்கூடும் என்பதால், அதைக் கையாளத் தெரிந்த ஆய்வகத்துக்கே அனுப்பினார். முடிவு வந்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வலுவாக இருந்தது. ஹெர்-2 மட்டும் 3+ என்பதிலிருந்து 1+ ஆக இறங்கியிருந்தது. பழைய அறிக்கையின்படி மருந்து கொடுத்திருந்தால், அநேகமாக இல்லாத இலக்கின் மீது அம்பு எய்திருப்போம்.

இது எப்படி நடக்கிறது என்று கேட்டேன். அவர் சொன்னதையும் பின்னர் நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்பே சில செல்கள் இரத்தத்தின் வழியாக வெளியேறி எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் போய்த் தங்கிவிடக்கூடும். அங்கே அவை பெருகாமல் ஆண்டுக்கணக்கில் உறங்குகின்றன. கீமோ மருந்துகள் பெரும்பாலும் பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல்களையே தாக்குபவை என்பதால், உறங்கும் செல் அவற்றிடம் அகப்படுவதில்லை. ஸ்கேனிலும் தெரியாது, ஓரளவு திரண்டால்தான் ஸ்கேனுக்குப் புலப்படும். ஆகவே ‘நோய் திரும்பி வந்தது’ என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, முழுவதும் போகாமல் இருந்தது விழித்துக்கொண்டதுதான்.

டிராஸ்டுசுமாப் போல ஒரு குறிப்பிட்ட புரதத்தைக் குறிவைக்கும் இலக்கு சிகிச்சை அந்த மிச்ச செல்களையும் ஒடுக்கத்தான் தரப்படுகிறது, பலருக்கு ஒடுக்கியும் விடுகிறது. ஆனால் ஓர் இலக்கை நம்பி எய்யும் மருந்துக்கு அந்த இலக்கே பலவீனமும் ஆகும். தணிக்கையில் நான் அடிக்கடி பார்த்த ஒன்று இருக்கிறது. ஒரு செலவுத் தலைப்பை நிர்வாகம் முடக்கினால், அதே செலவு சில மாதங்களில் வேறொரு தலைப்பின் கீழ் வந்து உட்காரும். செல்லும் ஏறக்குறைய அதையே செய்கிறது. சில செல்களில் ஹெர்-2 புரதத்தின் வெளிப்பகுதி வெட்டுண்டு போய், உள்பகுதி மட்டும் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கும். மருந்துக்கு ஒட்டிக்கொள்ள இடமே இராது. வேறு சிலவற்றில் பிக்3சிஏ என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால், வெளியிலிருந்து கட்டளை வராவிட்டாலும் உள்ளே இருக்கும் விசை எரிந்துகொண்டே இருக்கும். ஹெர்-3 போன்ற உடன்பிறப்புப் புரதங்கள் வேலையை ஏற்றுக்கொள்வதும் உண்டு. இன்னொரு வழி, கட்டி தொடக்கத்திலிருந்தே ஒரே மாதிரியான செல்களால் ஆனதாக இராமல் கலவையாக இருப்பது. ஹெர்-2 நிறைந்த செல்கள் மருந்துக்கு மடிந்துவிட, அது குறைந்த செல்கள் எஞ்சி, பிறகு அவையே பெருகும். மூளையில் நோய் தோன்றும் சிலருக்குக் காரணம் வேறு: டிராஸ்டுசுமாப் பெரிய மூலக்கூறு என்பதால், மூளைக்குள் எதை விடுவது என்று காக்கும் இரத்த-மூளைத் தடுப்பை அது எளிதில் கடப்பதில்லை.

என்னுடையது போல ஹெர்-2, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என இரண்டும் உள்ள நோயில் இந்தக் கதை இன்னும் நேரடியானது. இரண்டு பாதைகளும் செல்லுக்குள் ஒன்றோடொன்று பேசிக்கொள்பவை. ஒன்றை அடைத்தால் செல் மற்றதன் மீது சாய்கிறது. முதல் பாதையை நான் 18 ஊசிகளால் அடைத்தேன். இரண்டாவதை அவ்வப்போது மட்டுமே அடைத்துக்கொண்டிருந்தேன். மாத்திரையை முழுவதும் சாப்பிட்டிருந்தால் நோய் வந்திராது என்று சொல்லிவிட முடியாது; ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டவர்களுக்கும் திரும்புகிறது, பாதியில் விட்ட சிலருக்குத் திரும்புவதில்லை. என் மருத்துவர் இதை மூன்று முறை சொன்னார், என் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் வாய்ப்பைக் குறைக்கும் மருந்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டியது நான்தான்.

இந்த இரு பாதைகளின் கால அளவும் வேறு வேறானது என்பதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத ஹெர்-2 நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளில் திரும்பும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள நோய்க்கு அப்படி ஓர் எல்லை இல்லை. ஐந்து ஆண்டுகள் மாத்திரை முடித்து, அதுவரை நோயின்றி இருந்த 62,923 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2017-இல் வெளியான ஆய்வில், ஐந்தாம் ஆண்டுக்கும் இருபதாம் ஆண்டுக்கும் இடையே பிற உறுப்புகளில் நோய் தோன்றும் அபாயம் ஆண்டுதோறும் சீராகத் தொடர்ந்தது. கட்டி சிறியதாக, நெறிகட்டியில் நோயில்லாமல் இருந்தவர்களுக்கு அது 13 விழுக்காடு. கட்டி பெரியதாக, நான்கு முதல் ஒன்பது நெறிகட்டிகளில் நோய் இருந்தவர்களுக்கு 41 விழுக்காடு. இதனால்தான் சிலருக்கு மாத்திரையை ஐந்து ஆண்டுகளுக்கு மேலும் நீட்டிக்கிறார்கள். பயமுறுத்துவதற்காக இந்த எண்களைச் சொல்லவில்லை. நான் போட்டது போன்ற இரட்டைக் கோட்டை யாரும் ஓர் ஆண்டிலேயே போட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி, தடுப்பதற்கு உண்மையிலேயே பயன்படும் இடங்கள். முதலாவது, அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள்கள். கட்டியை உடனே எடுத்துவிட வேண்டும் என்று நான் துடித்தேன். வீட்டிலும் அதையே விரும்பினார்கள். இன்று ஹெர்-2 நோயில் கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ நெறிகட்டியில் நோய் இருந்தாலோ, பெரும்பாலும் கீமோவையும், டிராஸ்டுசுமாப், பெர்டுசுமாப் ஆகிய இரண்டு இலக்கு மருந்துகளையும் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகே அறுவை செய்கிறார்கள். கட்டி சுருங்குவது இதன் ஒரு பயன் மட்டுமே. மருந்துக்கு நோய் எப்படிப் பதில் சொன்னது என்பதை வெட்டியெடுத்த திசுவில் நேராகவே பார்த்துவிடலாம் என்பதுதான் பெரிய ஆதாயம். எதுவும் மிஞ்சவில்லை என்றால் எதிர்காலம் மிகவும் நல்லது. மிஞ்சியிருந்தால், மருந்தை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது. அப்படி மிச்சம் இருந்த 1,486 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், டிராஸ்டுசுமாப்புடன் கீமோ மருந்தைப் பிணைத்துச் செய்த டிராஸ்டுசுமாப் எம்டான்சினுக்கு மாறியவர்களில் 88.3 விழுக்காட்டினர் மூன்றாம் ஆண்டில் நோய் திரும்பாமல் இருந்தனர். பழைய மருந்தையே தொடர்ந்தவர்களில் அது 77 விழுக்காடு. எனக்கு அறுவையை முதலில் முடித்துவிட்டதால், மிச்சம் இருந்ததா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது. ஆகவே அறுவைக்குத் தேதி குறிக்கும் முன், ஏற்பிகளின் முடிவு வந்துவிட்டதா, மருந்தை முதலில் கொடுப்பது எனக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். ஹெர்-2 முடிவு 2+ என்று வந்திருந்தால் அது முடிவல்ல. ஃபிஷ் என்ற அடுத்த சோதனை செய்தாக வேண்டும்.

அடுத்து, என் அடிக்குறிப்பு. உங்கள் அறிக்கையில் எத்தனை இலக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எந்த மருந்து, எத்தனை காலம் என்பதை ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும் ஹெர்-2வும் சேர்ந்திருப்பவர்களுக்கு, டிராஸ்டுசுமாப் முடிந்த பிறகு ஓர் ஆண்டு நெராடினிப் மாத்திரை தருவது 2017 முதல் ஒரு வழியாக இருக்கிறது. கடுமையான வயிற்றுப்போக்கு வரும், அதற்கு முன்கூட்டியே மருந்து தர வேண்டும். ஹெர்-2 இல்லாத, ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுள்ள, அபாயம் அதிகமான நோய்க்கு அபெமாசிக்லிப் இரண்டு ஆண்டுகளும் ரைபோசிக்லிப் மூன்று ஆண்டுகளும் ஹார்மோன் மாத்திரையோடு சேர்த்துத் தரப்படுகின்றன. பரம்பரையாக வரும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ள, ஹெர்-2 இல்லாதவர்களில் அபாயம் மிகுந்தவர்களுக்கு ஓலாபரிப் ஓர் ஆண்டு. மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்பை வலுப்படுத்தும் சோலெட்ரானிக் அமிலம் போன்ற மருந்துகள் எலும்பில் நோய் தோன்றுவதையும் குறைக்கின்றன என்பது 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது உறுதியானது. இவை எல்லாம் எல்லோருக்கும் உரியவை அல்ல. எது தனக்கு உரியது என்று கேட்கும் பொறுப்பு மட்டும் நம்முடையது. நான் எதையுமே கேட்கவில்லை.

பக்க விளைவைப் பற்றி வாயைத் திறக்க வேண்டும் என்பதை இன்னும் அழுத்திச் சொல்வேன். நான் மாத்திரையை விட்டுவிட்டதை ஒப்புக்கொண்ட நாளில் மருத்துவர் கோபப்படவில்லை. “சொல்லியிருந்தால் வேறு மாத்திரைக்கு மாற்றியிருப்பேனே, அம்மா” என்றார். அனாஸ்ட்ரோசோல், எக்ஸெமஸ்டேன், டமாக்சிஃபென் என்று மாற்று வழிகள் இருந்திருக்கின்றன. லெட்ரோசோல் தாங்காதவருக்கு இவற்றுள் ஒன்று தாங்கக்கூடும். தொடர்ந்த நடையும் தசைப் பயிற்சியும் இந்த வலியைக் குறைக்கின்றன. டுலாக்செடின் என்ற மருந்தும் சிலருக்கு உதவுகிறது. ஆனால் டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் ஒன்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: மனச்சோர்வுக்குத் தரப்படும் பராக்செடின், ஃப்ளூவாக்செடின் போன்றவை, டமாக்சிஃபென் உடலில் செயல்படும் வடிவமாக மாறுவதைத் தடுக்கக்கூடியவை. எந்த மருத்துவரிடம் போனாலும், மூலிகை மருந்து உட்பட, சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

உடல் எடை, உடற்பயிற்சி, மது பற்றி எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வியர்க்க நடப்பது நல்லது, நானும் நடக்கிறேன். ஆனால் நடையை மாத்திரைக்குப் பதிலாக நினைத்த மாதங்களும் எனக்கு உண்டு, அது பதிலாகாது.

பின்தொடர் பரிசோதனை பற்றி எனக்கிருந்த எண்ணமே தலைகீழானது. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு வழக்கமான பெட் ஸ்கேனும் சிஏ 15-3 போன்ற இரத்தப் பரிசோதனைகளும் உலகளாவிய வழிகாட்டுதல்களில் பரிந்துரைக்கப்படுவதில்லை; ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராமும், முதல் மூன்று ஆண்டுகளில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவர் நேரில் பார்ப்பதுமே அடிப்படை. மருத்துவர் கேட்காத பரிசோதனையை நானே செய்துகொண்டு, அதில் வந்த நல்ல எண்ணைக் காட்டி, முதுகு சொன்ன செய்தியைத் தள்ளி வைத்தேன். மாத்திரையால் வரும் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும், கைவிரல், மணிக்கட்டு, முழங்கால் என்று மூட்டுகளில் இருக்கும். காலையில் இறுகி, நடமாடத் தொடங்கியதும் தளரும். ஒரே இடத்தில் நிற்கும் வலி, படுத்தாலும் குறையாத வலி, இரவில் எழுப்பும் வலி, வாரத்துக்கு வாரம் கூடும் வலி ஆகியவற்றை இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் பொறுத்துக்கொள்ளக் கூடாது. முதுகு வலியோடு கால் தளர்ந்தாலோ சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றே போக வேண்டும். விடாத இருமல், மூச்சிரைப்பு, காரணமின்றி எடை குறைவது, தழும்பில் புதிய தடிப்பு, புதிதாகத் தொடங்கிய தலைவலி, வலிப்பு ஆகியவையும் இதே பட்டியலில் வரும்.

இப்போது எனக்கு நடப்பது நோயை அடக்கி வைக்கும் சிகிச்சை: லெட்ரோசோலும் ரைபோசிக்லிபும். ரைபோசிக்லிப் மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விட வேண்டும்; இரத்த அணுக்களையும் ஈசிஜியையும் பார்த்துக்கொண்டே போகிறார்கள். எலும்புக்கான ஊசி தொடங்கும் முன் பல் மருத்துவரிடம் அனுப்பினார்கள், ஏனெனில் அந்த ஊசி போடும்போது பல் பிடுங்க நேர்ந்தால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. நோய் மீண்டும் நகர்ந்தால் மறுபடியும் பயாப்ஸி எடுப்போம் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம். 1+ என்பதையும் ‘ஹெர்-2 குறைவு’ என்று வகைப்படுத்தி, டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற மருந்தை முற்றிய நோயில் தருவது 2022 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. என் அறிக்கையின் அந்தச் சிறிய எண்ணுக்கும் ஒரு பயன் ஏற்பட்டுவிட்டது.

பழைய நோட்டையே தொடர்ந்து எழுதுகிறேன், இரட்டைக் கோட்டுக்குக் கீழே. மாத்திரை சாப்பிட்ட நேரம் ஒரு கட்டம், வலியின் இடம் ஒரு கட்டம், அது எப்போது வந்து எப்போது போனது என்பது ஒரு கட்டம். தவறவிட்ட நாள்களையும் மறைக்காமல் எழுதுகிறேன். சென்ற ஆண்டு மூன்று. போன முறை மருத்துவர் அந்தப் பக்கத்தைப் புரட்டியபோது, ‘வலது முழங்கால், இடது முழங்கால், காலையில் 20 நிமிடம், நடந்ததும் போய்விட்டது’ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இதற்கு ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லிப் புத்தகத்தை மூடித் தந்தார்.